அடியாத மாடு படியாதா?



"அடியாத மாடு படியாது" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பிரம்பெடுத்த ஆசிரியர் பலர் இதனையே தமக்குச் சான்றாகக் கொண்டனர். பிள்ளைகள் விடயத்தில் இப்பழமொழி எவ்வளவு பொய்த்தது என்பதை வேறொரு நாள் பேசலாம். இன்றைய பேச்சு மாட்டைப் பற்றியது. நோயுற்ற மாடொன்றை, அதற்கும் ஊறு நேராமல், பிடிப்பவர்க்கும் ஊறு நேராமல், வைத்தியர் தம் வேலையை முடிக்கும்வரை நிறுத்திவைப்பது எப்படி என்ற கேள்விக்கு மனிதன் காலந்தோறும் என்ன விடை கண்டான்? அவ்விடைகள் நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலை மலைகளுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன? இவையே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இதனைச் சிறு பொருளென்று எண்ணுவோர் இருக்கலாம். மருந்து எத்துணை உயர்ந்ததாயினும் அது மாட்டின் உடம்புக்குள் சென்றாலன்றிப் பயனில்லை. மனித நோயாளியை நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டுவான்; மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பிடிப்பான். மாடோ தனக்கு நன்மை செய்ய வந்தவரையும் தன்னைக் கொல்ல வந்தவரையும் வேறுபிரித்து அறியாது. அது ஒரு கணம் உதறினால் ஊசி முறியும். சில வேளை வைத்தியரின் கையும் முறியும். ஆகவே கால்நடை வைத்தியத்தின் வரலாற்றிலே மருந்துக்கு முன் வருவது கயிறு.

எகிப்து நாட்டில் லாஹூன் என்னும் இடத்தில் 1889ஆம் ஆண்டு பிளிண்டர்ஸ் பெற்றி என்ற அகழ்வாய்வாளர் பாப்பிரசு ஏடுகள் பலவற்றைக் கண்டெடுத்தார். அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முற்பட்ட மாட்டு வைத்திய ஏடு. கண்ணீர் வடிந்து, ஈறு சிவந்து, கழுத்து வீங்கி நிற்கும் காளை ஒன்றுக்கு அதிலே சிகிச்சை கூறப்படுகிறது. மந்திரம் சொல்லவேண்டும், பின் காளையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கிடத்திக் குளிர்ந்த நீர் தெளித்து, உடம்பெங்கும் பூசணி இனக் காய்களால் தேய்க்கவேண்டும் என்கிறது ஏடு. மந்திரம் உண்டு, மருந்து உண்டு. ஆனால் கொம்பும் வலியும் உள்ள காளையைச் சாய்த்துக் கிடத்துவது எப்படி என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. அது எழுத்தறிந்த வைத்தியனின் வேலையன்று, மாட்டுக்காரனின் வேலை. அவனுக்குத் தெரிந்தது ஏட்டில் ஏறவில்லை.

நம் இலக்கியத்திலும் மாட்டைப் பிடித்தல் பெருஞ்சிறப்புடன் பேசப்படுகிறது. கலித்தொகையின் முல்லைக்கலியிலே ஆயர்குல இளைஞர் ஏறு தழுவும் காட்சிகள் பலவுண்டு. ஆனால் அங்கே பிடிப்பது வீரத்தைக் காட்டுவதற்காக. மாட்டு வாகடங்கள் என்று வழங்கும் நம் பழைய வைத்திய நூல்களின் நோக்கமோ வேறு. மூங்கிற் குழாயில் கசாயத்தை நிரப்பி வாயில் ஊற்றுவதும், உரிய இடத்தில் சூடு போடுவதும் நாட்டு வைத்தியரின் வழக்கம். இவ்விரண்டுக்கும் மாட்டைப் பிடித்தாக வேண்டும். கசாயம் புகட்டும்போது தலையை அளவுக்கு மீறி அண்ணாத்திப் பிடித்தால் மருந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அப்படி மாண்ட மாடுகளுக்குக் கணக்கேது? நோயினால் இறந்தது என்றே வீட்டார் நினைத்திருப்பர்.

மூக்கணாங்கயிறு என்பது ஓர் எளிய கண்டுபிடிப்பு. மாட்டின் இரு நாசித் துவாரங்களுக்கும் இடையிலுள்ள தசை மிகுந்த உணர்ச்சியுடையது. அங்கே இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாலே எருதின் கவனம் முழுவதும் மூக்குக்கு வந்துவிடும். பின்புறத்தில் நடப்பதை அது அவ்வளவாகப் பொருட்படுத்தாது. இன்றும் கால்நடை வைத்தியர்கள் கையாளும் மூக்குப் பிடி இடுக்கியின் தத்துவம் இதுவே. ஆயினும் அந்தத் தசை கிழியக்கூடியது. மூக்கணாங்கயிற்றைக் கம்பத்தில் கட்டிவிட்டு ஊசி போடத் தொடங்குவது பெரும்பிழை. மாடு பின்வாங்கிய மாத்திரத்தில் மூக்கு அறுந்துபோகும். மூக்கைக் கையால் பிடிக்கலாம்; கட்டவேண்டுவது தலைக்கயிற்றையே. கழுத்திலே சுருக்குக் கயிறு போடுவதும் ஆபத்து. இழுத்தவுடன் அவிழும் முடிச்சாக இருத்தல் வேண்டும். மாடு கால் மடிந்து விழுந்துவிட்டால் முடிச்சை அவிழ்க்க நமக்கு நேரமிராது.

ஐரோப்பியர் இதற்குக் கண்ட வழி மரச்சட்டம். நான்கு கம்பம் நாட்டிக் குறுக்குச் சட்டமிட்டு, விலங்கை அதனுள் நிறுத்தி லாடம் அடித்தனர். பிரெஞ்சு மொழியில் அச்சட்டத்துக்கு 'திராவாய்' என்று பெயர். மூன்று கழி கொண்டது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது என்பர். துன்பத்தையும் உழைப்பையும் குறிக்கும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்தது என்பது கவனிக்கத் தக்கது. பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சோசரும் சட்டத்துக்குள் துள்ளும் குதிரைக்குட்டியை உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். இந்தியாவின் கால்நடை வைத்தியசாலைகளில் 'டிராவிஸ்' என்று இன்று வழங்கும் சட்டம் இதன் வழிவந்ததே. 1761ஆம் ஆண்டு பிரான்சின் லியோன் நகரிலே குளோட் பூர்ஜெலா உலகின் முதலாவது கால்நடை வைத்தியக் கல்லூரிக்கு அனுமதி பெற்றார். மாட்டுக் கொள்ளைநோயினால் ஐரோப்பா அக்காலத்தில் பட்ட பாடே அதற்குத் தூண்டுதலாயிற்று. நோயை அறியும் கல்வி வளர்ந்தபோது, மாட்டை நிறுத்தும் கலையும் மெல்லமெல்லப் பாடப்புத்தகத்தில் இடம்பெற்றது.

இனி நமது மலைக்கு வருவோம்.

1848ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் ஒரு சிற்றிங்கிலாந்தை உண்டாக்கிவிடலாம் என்று எண்ணிக் குடியேறினார். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போய்ப் புகழ்பெற்றவர் இவரே. இங்கிலாந்திலிருந்து குறுங்கொம்பு இனக் காளையும் பசுவும், செம்மறிக் கடாக்களும், வேட்டை நாய்களும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். விரைவில் நோய் வந்தது. சில நாட்களுக்குள் 26 எருதுகள் மாண்டன. முதலாண்டிலேயே அவுஸ்திரேலியக் குதிரைகள் ஐந்து இறந்தன. இதனை அவரே தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார். யானை வேட்டையை வீரத்தோடு வருணிக்கும் அந்த மனிதர் இந்நோயின் முன் செய்வதறியாது நின்றார். அன்று மலையிலே கால்நடை வைத்தியர் இல்லை; இருந்தாலும் அவர் கையில் கொடுக்கத் தக்க மருந்தும் உலகில் இல்லை.

கோப்பிக் காலத்திலே மலைநாட்டின் செல்வம் எருதின் முதுகிலும் கழுத்திலும் ஏறியே கீழிறங்கியது. ஒற்றையடிப் பாதையில் பொதிமாடு, தெருவில் வண்டிமாடு. 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் அட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்தது. அதுவரையிலும், அதன் பின்பும் புகையிரத நிலையத்திலிருந்து தோட்டம்வரையிலும், அரிசியும் உரமும் ஏற்றிய வண்டிகளை இழுத்தவை எருதுகளே. இவ்வெருதுகளுக்கு லாடம் கட்டியாக வேண்டும். மாட்டின் குளம்பு பிளந்தது. காலுக்கு இரண்டாக எட்டு லாடம். லாடக்காரர் மாட்டை வீழ்த்தி, நாலு காலையும் சேர்த்துப் பிணைத்து, எட்டையும் அடித்து எழுப்பிவிடுவார். எருதை வலியில்லாமல் சாய்க்கும் வித்தையில் அவருக்கு நிகரானவர் அந்நாளில் இல்லை என்பேன்.

அந்த வித்தை இதுதான். நீண்ட கயிற்றின் ஒரு நுனியைக் கொம்படியிலோ கழுத்திலோ இறுகாத முடிச்சாகக் கட்டுவர். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு வளையம். தொடைக்கு முன்னால் வயிற்றைச் சுற்றி இன்னொரு வளையம். பிறகு மிகுந்த கயிற்றைப் பின்புறமாக நேரே, சீராக இழுத்தால், எருது தானே முழங்கால் மடித்து மெதுவாகப் படுத்துவிடும். தள்ளவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். ஐரோப்பியப் பாடநூல்களிலே இதற்கு 'ரூஃப் முறை' என்று பெயர். தெருவோர லாடக்காரருக்கு அப்பெயர் தெரியாது, முறை தெரியும்.

ஆயினும் வீழ்த்துவது கடைசி வழியாகவே இருத்தல் வேண்டும். மாட்டின் பெருவயிறு இடப்பக்கத்தில் உள்ளது. அதற்குள் இரை புளித்துக் காற்று ஓயாமல் உண்டாகிறது. நின்றால் ஏப்பமாக வெளியேறும். பக்கவாட்டில் நெடுநேரம் கிடத்தினால் காற்று அடைபட்டு வயிறு உப்பி மூச்சை முட்டும். இரை மேலெழுந்து மூச்சுக்குழலில் புகுவதும் உண்டு. ஆகையால் முன்கூட்டித் தீனி நிறுத்தி, மெத்தென்ற இடம் பார்த்து, வேலை முடிந்தவுடன் மார்பின்மேல் நிமிர்த்தி உட்காரவைத்தல் வேண்டும். சினை முற்றிய பசுவைக் கயிறிட்டு வீழ்த்தலாகாது. நம் மலையிலோ சமதரையே அரிது. சரிவிலே படுக்கவைக்க நேர்ந்தால் கால்கள் பள்ளத்தை நோக்கியும் முதுகு மேட்டை நோக்கியும் இருக்கவேண்டும். மாறிப் படுத்த மாடு எழுந்திருக்க இயலாமல் உதைத்து உதைத்தே களைத்துவிடும்.

சட்டம் கால்நடையின்மேல் கண்வைத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே. விலங்குகளை வதைத்தலைத் தடுக்கும் கட்டளைச்சட்டம் 1907இலும், விலங்குகளின் தொற்றுநோய் பற்றிய கட்டளைச்சட்டம் 1909இலும் இயற்றப்பட்டன. ஒன்று மாட்டை வதைக்காதே என்றது. மற்றொன்று நோய்கண்ட மாட்டைப் பிரித்து அடைத்துவை என்றது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றக் கைத்திறன் வேண்டுமல்லவா? அதனைக் கற்பிக்கும் ஏற்பாடு பின்னரே வந்தது. 1947இல் கொழும்பில் தொடங்கிய கால்நடை வைத்தியப் பட்டப்படிப்பு 1954இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது.

இதற்கிடையில் மலையிலே மாடே மாறிவிட்டது. நம் நாட்டுப் பசு ஏறத்தாழ 200 கிலோகிராம் நிறையுள்ளது. மூக்கணாங்கயிற்றுக்கும் அணைகயிற்றுக்கும் பழகியது. கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலுள்ள அம்பேவெலக் குளிரில் அரசாங்கப் பண்ணை அமைந்து அயர்சையர், பிரீசியன், யேர்சி முதலிய இனங்கள் வளரத் தொடங்கியபின் நிலைமை வேறு. முழு வளர்ச்சியுற்ற பிரீசியன் பசு 600 கிலோகிராம்வரை இருக்கும்; நாலு பேர் தொங்கினாலும் நிற்காது. இந்த இனங்களின் காளைகளோ மேலும் ஆபத்தானவை. உருவிற் சிறிய யேர்சிக் காளை குணத்திற் கொடியது என்று பெயரெடுத்தது. மூக்கு வளையமும் அதில் மாட்டும் நீண்ட கோலும் இல்லாமல் அதனருகில் எவரும் போகலாகாது. நேற்று வரை சாதுவாக இருந்தது என்பது இன்றைக்கு உத்தரவாதமன்று. ஆகவே பெரும் பண்ணைகளில் இடுக்கமான நடைவழியும் கழுத்தைப் பிடித்து நிறுத்தும் இரும்புச் சட்டமும் இன்றியமையாதனவாயின.

பண்ணையிலிருந்து பரவிய கலப்பினப் பசுக்கள் தோட்டங்களுக்கும் வந்தன. லயத்துக்குப் பின்னால் தகரக் கூரையிட்ட மாட்டுப்பட்டியிலே ஒன்றோ இரண்டோ பசு. மலையில் அறுத்து வந்து போடும் மானாப்புல். பால் விற்ற காசு பிள்ளையின் புத்தகத்துக்கும் சீருடைக்கும். சாணம் மரக்கறிப் பாத்திக்கு. கொழுந்தெடுத்துப் பெறும் கூலிக்கு அப்பால் குடும்பத்தைத் தாங்கிய தூண்களில் இப்பசுவும் ஒன்று. ஆனால் அங்கே இரும்புச் சட்டம் இல்லை. பகல் முழுவதும் இருட்டுப் பட்டியில் கட்டுண்டு நிற்கும் பசு, வீட்டார் இருவர் மூவரைத் தவிர வேறு மனித வாடையே அறியாது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தடுப்பூசி போட மிருக வைத்தியர் வந்திருந்தார். அயல்வீட்டுப் பசு அவரைக் கண்டதும் மிரண்டது. இளைஞர் நால்வர் பாய்ந்து பிடித்தனர். ஒருவர் கொம்பை, ஒருவர் வாலை. வாலின் நுனியைப் பிடித்து முறுக்கியவர் உதைபட்டுக் காய்கறிப் பாத்தியிலே விழுந்தார். இன்னொருவர் கம்பெடுத்து இரண்டு சாத்து சாத்தினார். பசு பட்டியின் பக்கப்பலகையைப் பெயர்த்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிவிட்டது. வைத்தியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு இன்னும் மூன்று லயம் பாக்கி. அந்நேரம் மலையிலிருந்து ஓடிவந்தார் அப்பசுவைக் கறக்கும் பாட்டி. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்தார். தோளில் கிடந்த கம்பளியைக் கழற்றி ஒருபுறம் போட்டார். "எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா" என்றார். பசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் மெல்ல நடந்து, அதன் தோளைத் தொட்டு, தாடையைத் தடவினார். இடுப்பிலே கட்டியிருந்த படங்கை அவிழ்த்து அதன் கண்ணை மூடினார். ஊசி போட்டு முடிய அரை நிமிடம் ஆகவில்லை. "இதை முதலிலேயே செய்திருக்கலாமே, ஆத்தா" என்றார் வைத்தியர். "நீங்க வாரது எனக்கு யாரும் சொல்லலியே, ஐயா" என்றார் பாட்டி.

பாட்டி செய்தது ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டென்பதை ஆண்டுகள் பல கழித்தே அறிந்தேன். மாட்டின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. தன்னைச் சுற்றிலும் ஏறக்குறைய முழுவதையும் அது காணும். நேர் பின்னால் மட்டுமே அதற்குக் குருட்டிடம். அவ்வழியே வருபவரைப் பகைவர் என்றே கொள்ளும். காற்றில் படபடக்கும் துணி அதனை மிரட்டும். கம்பளியைக் கழற்றியது அதற்காக. கண்ணை மூடினால் மிரட்சி தணியும். அமெரிக்கப் பேராசிரியை டெம்பிள் கிராண்டின் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாடு காண்பதை மாட்டின் இடத்தில் நின்றே பார்த்து, வளைந்த நடைவழிகளை வகுத்துப் பெரும்புகழ் பெற்றார். ஒருமுறை மிரண்ட மாட்டின் இதயம் பழைய நிலைக்குத் திரும்ப 20 அல்லது 30 நிமிடம் செல்லும் என்பது அவர் வற்புறுத்திய உண்மை. துரத்திய கையோடு ஊசி போடக்கூடாது. விட்டுவிட்டு ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு வரவேண்டும். அடித்த இடத்தையும் அடித்தவரையும் மாடு மறப்பதில்லை. அடுத்த தடவை வைத்தியர் வரும்போது அந்த அடியின் பலன் அவருக்கே கிடைக்கும்.

உதைபட்ட இளைஞருக்கும் ஒரு விளக்கம் கூறவேண்டும். குதிரை நேர் பின்னால் உதைக்கும். பசுவோ காலை முன்னெடுத்து வட்டமாக வீசிப் பக்கவாட்டில் உதைக்கும். ஆதலால் பக்கத்தில் ஒரு முழத் தூரத்தில் நிற்பதே மிக ஆபத்து. ஒன்று, விலாவோடு ஒட்டி நிற்கவேண்டும். இல்லையேல் நன்றாக விலகிவிடவேண்டும். வாலைப் பிடிப்பதானால் நுனியையன்று, அடிவாலை இரு கையாலும் பிடித்து நேரே மேல்நோக்கி மெதுவாக உயர்த்தினால் உதை அடங்கும். முரட்டுத்தனமாக வளைத்தால் வால் எலும்பு ஒடியும்.

மருந்தும் கயிற்றுக்குத் துணைவந்தது. 1962இல் ஜேர்மனியில் உருவாக்கப்பட்ட சைலசீன் என்னும் மயக்க மருந்து, குதிரைக்கு வேண்டிய அளவில் பத்திலொரு பங்கினாலேயே மாட்டை அடக்கிவிடும். அளவு தவறினால் ஆபத்தும் அத்துணை எளிது. அது வைத்தியர் கையில் மட்டுமே இருக்கவேண்டியது. பொலியெருதுக்குக் காயடிக்க முன்னர் அதனை வீழ்த்தி நசுக்குவார்கள். அந்தக் கொடுமையை விவரிக்க நான் விரும்பவில்லை. இத்தாலிய வைத்தியர் புர்டிசோ செய்த இடுக்கி வந்தபின் தோலைக் கிழிக்காமலே, நின்ற நிலையிலேயே அது முடிந்தது.

இத்தனையும் சேர்ந்தே பெருநோய்களை வென்றன. இலங்கையில் நாற்பதாண்டுகளுக்கு மேல் இல்லாதிருந்த மாட்டுக் கொள்ளைநோய் 1987இல் வடக்குக் கிழக்கில் மீண்டும் தலைகாட்டியது. 1994க்குப் பின் காணப்படவில்லை. 2011ஆம் ஆண்டு உலகம் முழுவதிலுமிருந்தே அந்நோய் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. வால்டர் பிளவ்ரைட் ஆக்கிய தடுப்பூசி அதற்கு ஆயுதம். அவர் பெயரை வரலாறு அறியும். அந்த ஊசி ஒவ்வொன்றும் இறங்கிய நேரத்தில் தலைக்கயிற்றைப் பிடித்து நின்றவர்களும் இருந்தனர். லாஹூன் ஏட்டிலே இடம்பெறாத மாட்டுக்காரனைப் போலவே அவர்கள் பெயரும் எங்குமில்லை.

கால்வாய் நோய் இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை. தடுப்பூசி வேலை ஆண்டுதோறும் தொடர்கிறது. தோட்டத்துப் பட்டிகளில் இரும்புச் சட்டம் வைக்கப் பணமில்லை என்பது உண்மை. ஆனால் லயத்துக்கு ஒன்றாக, வழுக்காத சமதரையில் நாலு கம்பமும் இரண்டு குறுக்குச் சட்டமும் நாட்ட அதிகப் பணம் வேண்டாம். வைத்தியர் வராத நாட்களிலும் பசுவை அதற்குள் அழைத்துப்போய் ஒரு பிடி தவிடு கொடுத்துப் பழக்கிவிட்டால், ஊசி நாளன்று அது தானே நடந்துபோகும்.

இன்னொன்று உண்டு. இன்றும் பல இடங்களில் வைத்தியர் வரும் நேரம் கொழுந்து மலையில் பெண்கள் நிற்கும் நேரமாகவே இருக்கிறது. பசுவைக் கறப்பவர், அதன் குணமறிந்தவர், அவர்தாம். இறங்கி வந்தால் அரைப்பேர் போய்விடும். வராவிட்டால் பசுவை யார் யாரோ பிடிப்பார்கள். ஒரு நாளின் அரைக்கூலி ஏழைக் குடும்பத்துக்குச் சிறிதன்று. தோட்ட நிர்வாகமும் மிருக வைத்தியப் பணிமனையும் கலந்துபேசி, கொழுந்து நிறுத்து முடிந்த மாலை நேரத்தையோ விடுமுறை நாளையோ இதற்கென ஒதுக்கி, முதல்நாளே லயந்தோறும் சொல்லிவிடலாம். அன்று பாட்டி கேட்டதும் அவ்வளவுதான்.